பொத்தானில் சுற்றிய கார்த்திகைப்பூ

அண்ணன் பூவராகவனின் சட்டைப் பொத்தானில் ஒரு இலையும் கசங்கிய பூவும் மாட்டியிருந்தன. புதுவாயல் ரோட்டோரம் லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது என்று கல்குவாரி மேஸ்திரி சொல்லியிருந்தார். அவருடைய ஆட்கள் தலைமுடியிலிருந்த கல்தூசியைக்கூடக் கழுவித் துடைத்துத்தான் அங்கே கிடத்தியிருந்தார்கள். இதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏதோ வேலிக்கொடி என்று நினைத்திருப்பார்கள், வேறென்ன.

அம்மா பார்த்துவிட்டாள். மலையடிவாரத்தில் பிறந்து, விறகு பொறுக்கி வளர்ந்து, ஆரம்பாக்கத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குரலில் அழுகையே இல்லை.

"கார்த்திகைப்பூடா இது. எல நுனி சுருண்டு புட்ச்சிக்கினுகீது பாரு. பூவு அடியில மஞ்சா, மேல செவப்பு. மலையில பாற இடுக்குல, முள்ளுப் பொதருல ஏறிக்கினு பூக்கும். அந்த ரோட்டுல ஏதுடா?"

நாங்கள் வேலை பார்த்த கல்குவாரியில் வெடி வைக்கும் பாறையைச் சுற்றி அந்த மாதம் முழுக்க அந்தப் பூதான். அண்ணன் மேல் கல் சரிந்தபோது நான் இருபதடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் நாளைக்கு அதே பாறையில் நீதான் நிற்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். மனசு மரத்துக் கிடந்தது. பயம் மட்டும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஏட்டு பரசுராமன் காகிதத்தோடு வந்தார். அவருக்கும் அந்தப் பூ மேல் சந்தேகம். மலைச்செடி என்று தெரிந்தால் கேஸே வேறு என்றார். பிறகு அம்மா எதிரில் குந்தினார்.

"ஏம்மா, நீ மலைப்பக்கத்து ஆளாமே. இது இன்னா கொடி, எங்க மொளைக்கும்? சொல்லு, எழுதிக்கிறேன்."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். முழங்கால் வரை வெள்ளைத் தூசி. அவர்கள் அண்ணனைத்தான் கழுவியிருந்தார்கள்.

ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"தெர்ல சாமி" என்றாள் அம்மா. "இன்னா கொடியோ. வேலியில கீலியில மாட்டியிருக்கும்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அதோடு, பிழைத்தோம் என்றும் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினோம். பூ எங்கேயோ உதிர்ந்துவிட்டிருந்தது. இலை நுனி மட்டும் பொத்தானை இரண்டு சுற்று சுற்றி இறுகியிருந்தது. அம்மா நகத்தால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. பல்லால் நூலைக் கடித்துப் பொத்தானோடு எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அண்ணனுக்கு வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"காலக் கழுவு" என்றாள்.