பதினோரு கிலோ

பார்சல் கிடங்கில் திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குமுன், பெட்டி நிறுக்கும் தராசில் ஆட்கள் ஏறுவார்கள். மூன்று மாதத்தில் யார் அதிகம் இளைக்கிறார் என்று சூப்பர்வைசர் கிளப்பிவிட்ட போட்டி. எண்ணை உரக்கச் சொல்லிப் பலகையில் எழுதுவது எடைக்காரன் பொறுப்பு. அவன் மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சொன்ன வேலையை ஏனென்று கேட்காமல் செய்துகொண்டிருந்தான்.

அன்று கடைசித் திங்கள். லேபிள் ஒட்டும் அக்கா ஏற வந்தாள். இருபது வருடமாக அவளுக்கு அங்கே 'லோடு' என்றுதான் பெயர்.

"பாட்டிலக் கீழ வைக்கா. அதுவே ரெண்டு கிலோ இருக்கும்," என்றார் பார்சல் வண்டி டிரைவர்.

பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வைத்தாள்.

எண் ஆடி நின்றது. தொடங்கிய நாளிலிருந்து பதினோரு கிலோ குறைவு. எடைக்காரன் வாயைத் திறக்கவில்லை.

"என்னப்பா, மெஷின் மக்கர் பண்ணுதா?" என்றார் சூப்பர்வைசர்.

"அக்கா, சாப்பாட்டைக் குறைச்சீங்களா?" என்று கேட்டான் எடைக்காரன்.

"எங்க குறைச்சேன்? முன்னைவிட ரெண்டு பங்கு உள்ள போகுது. தானா வடியுது. எனக்கும் நல்ல காலம் வரக்கூடாதா?"

போன வாரம் அவள் ஒட்டிய மூன்று பார்சல்கள் வேறு வேறு தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தன. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லித் திட்டு வாங்கினாள்.

"தாகம் அடங்குதா? ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"

பின்னால் ஒருத்தன் சிரித்தான். அக்காவின் முகம் சுருங்கியது.

"கண்ணு வைக்காத தம்பி. எண்ணைச் சொல்லு."

அவன் தராசை அணைத்தான்.

"வண்டி நிக்குது, விளையாடாத," என்றார் சூப்பர்வைசர். "போடு மெஷினை."

எடைக்காரன் அவரைப் பார்க்கவில்லை. "என் வீட்டுக்காரி இப்படித்தான் சும்மாவே இளைச்சா. கல்யாணத்தப்ப இருந்த மாதிரி ஆயிட்டேன்னு நான்தான் மொதல்ல சந்தோஷப்பட்டேன். சின்ன அளவுல புதுத் துணி வாங்கிக் குடுத்தேன். டாக்டர்கிட்டப் போகத் தோணலை. அவளுக்கு வந்தது வேற. உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. இப்பவே போயிடலாம்க்கா."

"ஷிப்ட் முடிச்சிட்டுப் போகட்டும்," என்றார் சூப்பர்வைசர்.

டிரைவர் வண்டிச் சாவியை எடுத்தார். "ஏறுக்கா. முன் சீட்டுல."

வண்டியில் அவள் நடுவில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் மூச்சு வாங்கியது. இரண்டு முறை கண்ணை மூடினாள். இரண்டு முறையும் எடைக்காரன் பெயருக்கு ஒரு கேள்வி கேட்டு எழுப்பினான். சிக்னலில் நின்றபோது அவளே பேசினாள்.

"ஒரு மாசமா முடியலதான் தம்பி. படி ஏறினா தலை சுத்துது. ஆனா நாலு பேரு அழகா இருக்கேன்னு சொன்னாங்க. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. டாக்டர்கிட்டப் போனா மருந்து குடுத்துத் திரும்ப ஊத வச்சிருவாரோன்னு பயம்."

டிரைவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அந்த 'லோடு' என்ற பெயர் அவர் வைத்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தார். எண் வரவில்லை. கருவி காட்டும் அளவையே சர்க்கரை தாண்டிவிட்டது என்றார். இன்னொரு விரலில் குத்தினார். அதிலும் எண் வரவில்லை. வேகமாக உள்ளே போய்ச் சக்கர நாற்காலியோடு வந்தார்.

"நடந்தே வர்றேன்மா."

"ஒரு அடிகூட வேணாம். உட்காருங்க. ட்ரிப் உடனே ஏத்தணும்."

அக்கா தயங்கினாள். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே இருந்த அகலத்தைக் கண்ணால் அளந்தாள். எங்கே போனாலும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. எடைக்காரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நர்ஸின் பின்னால் ஓடினான்.