ஏழாவது விடயம்

கிராமச் சபையில் எனக்கு நன்றாக வந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: "ஆமோதிக்கிறேன்."

1954ஆம் ஆண்டு ஐந்தாம் வட்டாரத்து ஆட்கள் என்னைச் சபைக்கு அனுப்பினார்கள். முதல் கூட்டத்தில் யாரோ ஒரு பிரேரணையைச் சொன்னார்கள். சேர்மன் முகம்மது தம்பி சுற்றிப் பார்த்தார். நான் எழும்பி அந்தச் சொல்லைச் சொன்னேன். கிளாக்கர் என் பெயரை எழுதினார். கரைவலைக்காரன் ஆதம்பாவாவின் பெயர் அரசாங்கத் தாளில் ஏறுகிறது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அதன் பிறகு யார் எதைப் பிரேரித்தாலும் மற்றவர்களுக்கு முந்தி நான் எழும்பிவிடுவேன்.

சட்டப்படி கிராமச் சபையில் கட்சி கிடையாது. ஆனாலும் ஏழு பேரில் யார் எந்தக் கட்சி என்பது கடற்கரைக் காகத்துக்கும் தெரியும். சேர்மனோடு சேர்த்து நாங்கள் நாலு பேர் ஒரு கட்சி. சபைக்கு வரும் தாள்கள் எல்லாம் இங்கிலீஷில் வரும். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரித்தான்.

அதற்காகக் கட்சியின் கிளைச் செயலாளர் ஜவுபர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தான். தையற்கடைக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், அதனால் நான் அவனுக்குக் காக்கா, அண்ணன் முறை. கூட்டத்துக்கு முதல் நாள் அஸர் தொழுகை முடிந்ததும் நாங்கள் அவன் வீட்டு முன்கூடத்தில் போய் இருப்போம். அவன் ஒரு கொப்பியைத் திறந்து ஒவ்வொரு விடயமாகத் தமிழில் வாசிப்பான். இது என்ன, இதனால் யாருக்கு நன்மை, யாருக்குக் கெடுதி, சபையில் என்ன கேட்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். கேட்டுவிட்டுப் போனால் மறுநாள் நாங்களும் படித்த மனுசர்போலக் கதைப்போம். சேர்மன் மட்டும் வரமாட்டார். தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பார். அளவு நாடாவில் இருக்கும் இலக்கங்களைத் தவிர ஜவுபருக்கும் இங்கிலீஷ் தெரியாதே என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. தேத்தண்ணி வரும், குடிப்பேன், போவேன்.

ஒரு நாள் ஜவுபர் எல்லாருக்கும் முன்னால் சொன்னான்: "காக்கா, நீங்க எழும்பிறதுக்கு முந்தி என்ன விசயம் எண்டு ஒருக்காக் கேளுங்களன்."

பளீல் சிரித்துவிட்டான். அரிசிக்கடைப் பளீல், எங்கள் கட்சியில் இன்னொரு உறுப்பினர். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சட்டை தைக்கிற நீ எனக்குச் சபை நடத்தக் காட்டித்தாறயா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பி வந்தேன். அடுத்த மாதம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நேரே சபைக்குப் போனேன். ஏழாவது விடயத்தைச் சேர்மன் இங்கிலீஷில் கடகடவென்று வாசித்து, "பாவனையில் இல்லாத ஒரு துண்டு நிலம்" என்று தமிழில் முடித்தார். யாரோ பிரேரித்தார்கள். எழும்பினேன். ஆமோதித்தேன். உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து எட்டாம் நாள் காலை, சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் எங்கள் மீன்வாடிக்குப் போகிறேன், ஒழுங்கை வாயிலில் நாலு பேர் வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை அது. அதன் இரண்டு பக்கமும் ஊரின் பெரிய நிலக்காரர் நூஹுப் போடியாரின் தென்னந்தோட்டம். அந்த ஒழுங்கையால்தான் வலை போகும், தோணிக்கு மரம் போகும், மீன் வெளியே வரும், கல்முனைச் சந்தைக்குக் கொண்டுபோகிற சைக்கிள்காரர்கள் வந்து நிற்பார்கள். அதை அடைத்தால் ஒரு மைலுக்கு மேல் மணலில் சுற்ற வேண்டும். மீன் அதுவரை பொறுத்திருக்குமா?

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கதியாலைப் பிடுங்கி எறிந்தேன். "ஆர்ரா உங்களுக்கு உத்தரவு தந்த?"

அவர்களில் மூத்தவன் அமைதியாகச் சொன்னான்: "சபையில தீர்மானமாம், காக்கா. நீங்கதானே ஆமோதிச்ச."

என் பின்னால் வலை இழுக்க வந்தவர்கள் நின்றார்கள். பாண்டிருப்புக் கதிர்காமத்தம்பி முன்னால் நின்றான். அவனும் நானும் அந்த வலைக்குப் பங்காளிகள். பதினாறு வருசம் ஒரே தோணியில் போனவர்கள்.

"மச்சான், இவங்க சொல்றது மெய்யா?" என்று கேட்டான்.

ஆமென்று தலையை ஆட்டினேன். அவன் என்னை ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அவன் ஏசவில்லை. "அப்ப இனி வலையை எந்தப் பக்கத்தால கொண்டுபோற?" என்று மட்டும் கேட்டான். நாற்பது குடும்பம் அந்தக் கேள்விக்குப் பின்னால் நின்றது. ஊரே என்னைத் தன் வாயாக அனுப்பியது. நான் அந்த வாயால் ஊரின் கழுத்தில் கயிறு போட்டிருந்தேன்.

நேரே ஜவுபர் வீட்டுக்குப் போனேன். வெட்கம் இருந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் கால் நடந்தது.

"இது எங்கட ஒழுங்கை எண்டு நீ ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?" என்று வாசலிலேயே சத்தம் போட்டேன்.

ஜவுபர் கொப்பியை எடுத்து, அந்த மாதத்துப் பக்கத்தைத் திறந்து என் கையில் தந்தான். எழுத்துக்கூட்டி வாசித்தேன். "ஆதம்பாவா காக்காவுக்கு: ஏழாவது விடயத்தில் வரும் துண்டு நிலம், எல்லைகளைப் பார்த்தால், உங்கள் வாடிக்குப் போகிற ஒழுங்கை. அதைப் போடியாரின் தோட்டத்தோடு சேர்க்கப் பார்க்கிறார்கள். இதைக் கட்டாயம் எதிர்க்கவும்." சின்னச் சின்ன, வடிவான எழுத்து.

"எழுதி வச்சிருந்த. நீங்க வரல்ல," என்றான் ஜவுபர். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கொண்டு வந்து தந்திருக்கலாம்தான். எனக்கும் கோவம்" என்றான்.

அப்போது உள்கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "நான் கொண்டுபோய்க் குடுங்க எண்டு ரெண்டு தரம் சொன்ன, காக்கா. இவரு கேக்கல்ல."

ஜவுபரின் பெண்சாதி மைமூனா. அவளுடைய வாப்பா மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போத்திக்கரியாக இருந்தவர், அவளைக் கல்யாணம் வரைக்கும் அங்கே படிப்பித்தவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் கொப்பியில் இருந்த எழுத்து அவளுடையது என்று அந்த நிமிசத்தில்தான் விளங்கியது. ஒரு வருசமாக நான் ஜவுபரின் வாயைப் பார்த்துக்கொண்டு, அவளுடைய மூளையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். "தங்கச்சி, இனி ஒண்டும் செய்ய ஏலாதா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏலும்," என்றாள். "பொதுப் பாதையை அடைக்கிறதெண்டா முதல்ல அறிவித்தல் ஒட்டோணும். ஒரு மாசம் ஆட்சேபணை கேக்கோணும். அது ஒண்டும் நடக்கல்ல. அதுக்குள்ள கதியால் நட்டது பிழை. பாதையால போற வாற எல்லாரும் ஒப்பம் வைச்சு எழுதிக் குடுங்க. ஆனா அது மட்டும் போதாது, காக்கா."

"வேறென்ன?"

"நீங்க சபையில எழும்பிச் சொல்லோணும். விளங்காம ஆமோதிச்சன் எண்டு ஆமோதிச்சவரே சொன்னாத்தான் மத்தவங்க யோசிப்பாங்க."

"அவ்வளவு பேருக்கும் முன்னால நான் மடையன் எண்டு சொல்லச் சொல்றயா?"

"மடையன் எண்டு நான் எழுதல்ல. விளங்கல்ல எண்டுதான் எழுதியிருக்கன்" என்றாள். ஜவுபர் சிரிப்பை அடக்க இருமினான். ஏற்கெனவே எழுதியே வைத்திருக்கிறாள்! திரைக்குக் கீழால் ஒரு தாள் நீண்டு வந்தது. "என்ட பேர் மட்டும் எங்கயும் வரப்படாது" என்றாள்.

ஒப்பம் வாங்கும் வேலையைக் கதிர்காமத்தம்பியும் என் பெண்சாதி சுஹறாவும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சபர் மாதத்துக் கடைசிப் புதனான ஒடுக்கத்துப் புதனுக்குக் கடலில் குளிக்க அந்த ஒழுங்கையால்தானே போகிறோம் என்று சுஹறா சொல்லிச் சொல்லி வீடுவீடாகப் பெண்களின் பெருவிரல் அடையாளம் வாங்கினாள். ஆண்களை விடப் பெண்களின் அடையாளம்தான் அதிகம் சேர்ந்தது.

சபை கூடியது. எழும்பினேன். மைமூனாவின் தாளைப் பார்த்து வாசிக்கலாம் என்றுதான் போனேன், எழுத்தெல்லாம் கலங்கிப்போனது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சொந்த வாயால் சொன்னேன்.

"போன கூட்டத்துல ஏழாவது விசயத்த நான் ஆமோதிச்ச. அது என்ன எண்டு எனக்கு விளங்கல்ல. விளங்காமத்தான் ஆமோதிச்ச. அது எங்கட ஆக்கள் கடலுக்குப் போற ஒழுங்கை. என்ட பிழை. அத நான் திரும்ப எடுக்கிறன்."

யாரும் சிரிக்கவில்லை. சேர்மனின் முகம் மட்டும் கறுத்தது. "கட்சி ஆக்களே இப்பிடிக் கதைச்சா எப்பிடி, ஆதம்பாவா? ஆர் உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்த? எந்தக் கோட்டுப் பிறக்கிராசி?"

"பிறக்கிராசி இல்ல. என்ட தங்கச்சி."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் ஒருவரும் இல்லை என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சேர்மன் வாயைத் திறந்தார். அதற்குள் பளீல் எழும்பினான். "எனக்கும் அண்டைக்கு விளங்கல்ல. நானும் கையை உசத்தின" என்றான். மற்றக் கட்சிக்காரன் அபுல் ஹஸன், எங்களோடு ஒத்துப்போகவே மாட்டான், அவனும் எழும்பி அதையே சொன்னான். கடைசியில் சேர்மன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"துண்டு நிலம் எண்டுதான் போட்டிருந்த," என்றார் மெதுவாக. "அது அந்த ஒழுங்கை எண்டு சத்தியமா எனக்கும் தெரியாது."

அந்த மனுசனை அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் பிடித்தது. தீர்மானத்தை நிறுத்தி வைத்து, ஆட்சேபணைகளை மேலிடத்துக்கு அனுப்புவதென்று முடிவானது. கதியால்கள் பிடுங்கப்பட்டன. ஆனால் மேலிடத்துப் பதில் வரும் வரை ஒழுங்கை எங்களுடையதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. போடியாரின் கை மேலிடம் வரைக்கும் நீளும்.

மறுநாள் நல்ல பாரைமீன் இரண்டு எடுத்துக்கொண்டு ஜவுபர் வீட்டுக்குப் போனேன். அவனோடு கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டேன். பிறகு திரையின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, இந்தக் கடனை நான் எப்பிடித் தீர்க்கிற? உனக்கு என்ன வேணும் எண்டு சொல்லு" என்றேன்.

"ஒண்டு கேட்டாச் செய்வீங்களா, காக்கா? சபைத் தாள் எல்லாம் தமிழ்லயும் வரோணும் எண்டு ஒரு பிரேரணை கொண்டு வாங்க."

நான் யோசித்தேன். "அப்பிடி வந்தா நாங்க உங்களிட்ட வரத் தேவையில்லையே?"

"அதுக்குத்தான் கேக்கிறன்," என்றாள்.

தன்னைத் தேடி ஆள் வரவேண்டும் என்று அலைகிற உலகம் இது. எங்கள் சேர்மனுக்கு வாசலில் நாலு பேர் நிற்காவிட்டால் சோறு இறங்காது. இவளோ, யாரும் தன்னைத் தேடி வராத நாளைக் கேட்கிறாள். அல்லாஹ் இவளுக்கு நீண்ட ஹயாத்தைக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே நின்று துஆக் கேட்டேன், சத்தமாகவே.

பிரேரணையைக் கொண்டுபோனேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. இரண்டு வேலையா என்று கிளாக்கர் மட்டும் முணுமுணுத்தார்.

மூன்றாம் மாதம்தான் முதலாவது தமிழ்த் தாள் வந்தது. வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்தபோது கிளாக்கர் கொண்டுவந்து தந்தார். ஊசியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். இரண்டாவது விடயத்தில் விரல் நின்றது. திரும்ப வாசித்தேன். கதிர்காமத்தம்பி, "என்ன மச்சான் போட்டிருக்கு?" என்று கேட்டான். "பொறு" என்றேன். முன்பு ஒரு தரம் அவசரப்பட்டவன் நான். என் கண்ணை நம்பி நாற்பது குடும்பத்துக்குச் செய்தி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அப்படியே எழும்பி நடந்தேன். கதிர்காமத்தம்பியும் கூடவே வந்தான்.

ஜவுபர் கடையில் நின்றான். அவனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

"தங்கச்சி, தமிழ்த் தாள் வந்திருக்கு. இதக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு," என்று திரைக்குக் கீழால் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "நீங்க வாசிங்க, காக்கா. நான் கேக்கிறன்."

வாசித்தேன். "கடற்கரைக்குச் செல்லும் ஒழுங்கை… தொடர்ந்தும்… பொதுப் பாதையாகவே… இருக்க வேண்டும் என… மேலிடம் அறிவித்துள்ளது. முந்திய தீர்மானம்… இரத்துச் செய்யப்படுகிறது."

முடித்துவிட்டுக் காத்திருந்தேன். பிழை இருந்தால் சொல்வாள் என்று நின்றேன். உள்ளே வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"சரியா, தங்கச்சி?"

"எல்லாம் சரி, காக்கா," என்றாள். அவள் குரலும் கலங்கித்தான் இருந்தது.

கதிர்காமத்தம்பி என் தோளைப் பிடித்தான். ஐம்பது வயதில், இரண்டு ஆண்களுக்கு முன்னால், ஒரு திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். எனக்கு அது வெட்கமாகவே இருக்கவில்லை.