எண்ணெய்க் காலும் ஈரப் பாறையும்

மார்கழி மழையில் மெயினருவி எந்த நேரத்தில் வெறிகொள்ளும் என்று குற்றாலத்தில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு மட்டும் தெரியும். ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர் தளவாய்க்குத் தெரியாத விஷயம் அந்த மலையிலேயே கிடையாது. வீட்டில் அம்மாவோ தம்பிகளோ நானோ அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. எனக்கு வருகிறவனாவது ஒரு தடவை அவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டும். அந்த ஒரே ஆசைதான் எனக்கு.

என்னைப் பெண் பார்க்க வந்த முத்துக்குமாரசாமிக்குக் கடையம் சொந்த ஊர், பெங்களூரில் வேலை. லீவு கிடைத்தால் மலையேறப் போய்விடுவானாம். அதற்கென்றே வாங்கிய பூட்ஸோடு வந்து இறங்கினான். பரவாயில்லை, முதுகெலும்பு இருக்கும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் நான் சம்மதம் சொல்ல வேண்டும்.

அதற்குள் அப்பா எல்லோரையும் அருவிக்குக் கிளப்பிவிட்டார்.

"எண்ணெ தேய்க்காம குத்தாலத்துல குளிச்சா அது குளிச்ச கணக்கா மாப்ள? பூட்ஸக் கழத்தி வண்டில போடும்."

போட்டான். அருவிக்கரை மசாஜ்காரர் அப்பாவையும் அவனையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயில் ஊறவைத்தார். எழுந்து நிற்கவும் அருவியில் அபாயச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. வெள்ளம் வந்துவிட்டது, குளிக்கத் தடை. வடைச்சட்டியிலிருந்து எடுத்ததுபோல் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். வீட்டுக்குப் போய்ச் சீயக்காய் போட்டுக் குளித்திருக்கலாம். அது அப்பாவின் கௌரவத்துக்கு இழுக்கு.

"மேல ஒரு ஓடை இருக்கு. வாரும்."

காட்டுப் பாதையில் கயிறு கட்டிப் பலகை தொங்கவிட்டிருந்தார்கள். முத்துக்குமாரசாமி அதைச் சத்தமாகவே படித்தான்: "மழையால் பாறை வழுக்கும். பாதை மூடப்பட்டுள்ளது."

நான் மனசுக்குள் அவனை உந்தினேன். சொல்லுடா, இப்போது சொல்லிவிடு.

"அது வெளியூர்க்காரனுக்கு மாப்ள. நாம இங்கன பொறந்தவங்கல்லா?" என்றார் அப்பா.

அவன் பலகையைப் பார்த்தான், அப்பாவின் மீசையைப் பார்த்தான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கயிற்றுக்கு அடியில் குனிந்தான். மலையேறுகிற மகராசன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் பாசிப் பாறையிலேயே அப்பாவின் கால் வழுக்கியது. விழுந்தவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். எண்ணெய்க் கையை எண்ணெய்க் கை பிடித்து என்ன பிரயோஜனம்? இரண்டு பேரும் சேர்ந்தே உருண்டார்கள். நானும் அம்மாவும் போட்ட கூச்சலில் வனக் காவலர்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் அப்பாவின் காலுக்கு மாவுக்கட்டு. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். எந்த யானையும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாறை ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"அந்த மசாஜ்காரனச் சொல்லணும். எண்ணெய அளவில்லாம ஊத்திட்டான்."

"ஆமா மாமா, அவன் மேலதான் தப்பு" என்றான் முழங்கையில் பிளாஸ்திரியோடு மாப்பிள்ளை. சொல்லிவிட்டு அப்பாவுக்கு இளநீர் வாங்க ஓடினான்.

அப்பா பூரித்துப்போனார். "தங்கமான பையன். ஏட்டி ஆனந்தவள்ளி, தேதி குறிச்சிரலாமா?"

"எனக்கு அவன் வேண்டாம்ப்பா."

அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"என்னட்டி கொற அவங்கிட்ட?"

"உங்களுக்குப் பயப்படுதான்."

"மாமனாருக்குப் பயப்படுதது நல்லதுதான?"

"அப்ப நீங்களே வச்சுக்கிடுங்க. பாறையில பிடிச்ச மாதிரி பிடிச்சுக்கிடுங்க."