ஒன்பதடி எட்டு அங்குலம்

ஆய்வாளர் கடையை அளந்துவிட்டுப் போன பிறகு தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஊரில் கடை உரிமத்துக்குப் புது விதி போட்டிருந்தார்கள். தொண்ணூறு சதுர அடியாவது இடம் இருக்க வேண்டும். அதைக் கடைக்காரரே அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதும் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் பொய் சொன்னதாக அர்த்தம், உரிமம் ரத்து. அவள் கடை நீளத்திலும் அகலத்திலும் ஒன்பதடி எட்டு அங்குலம். தொண்ணூறைத் தாண்டித் தாராளமாகத் தேறும். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த படிவத்தில் பத்தடிக்குப் பத்தடி என்று இருந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தாலே பிழைத்திருக்கும் கடை, இல்லாத நாலு அங்குலத்தால் சாகக் கிடந்தது.

ஆய்வாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவள் கெஞ்சிய கெஞ்சலில் பையைத் துழாவிப் புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தார்.

"நம்பர் போட்ட ஃபாரம்மா, இது ஒண்ணுதான் இருக்கு. அடிச்சுத் திருத்துனா எடுத்துக்க மாட்டாங்க. நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல சேர்த்துடுங்க. இன்னைக்கு விட்டா நாளைக்குப் பூட்டுதான்."

அவர் தலை மறைந்ததும் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை பிடித்துக்கொண்டது.

"நீ தப்பா அளந்திருக்க" என்றார் கணவர்.

"நான் சரியாத்தாங்க சொன்னேன். உங்க காது எங்க மேயப் போச்சோ."

"நீ சொன்னதைத்தானே எழுதினேன்."

"ஒரு வரி ஒழுங்கா எழுதத் துப்பில்லாத ஆளை நம்பி இப்ப நடுத்தெருவுல நிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் வெட்டும் மேஜையில் கிடந்த சாக்குக்கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் இரண்டு பேரும் யாரிடம் போய்க் கூலிக்கு நிற்பது?

இருபத்தாறு வருடமாக அந்தக் கடையில் ஒரே வழக்கம்தான். அவள் நாடாவைப் பிடித்து உடம்போடு ஒட்டிய அளவைச் சொல்வாள். லூஸுக்கு வேண்டிய நாலு அங்குலத்தை அவர் கை தானாகச் சேர்த்து நோட்டில் எழுதிவிடும். அவள் சொல்லவும் மாட்டாள், அவர் கேட்கவும் மாட்டார். அவர் வெட்டிய சட்டை இறுக்குகிறது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கும் உண்டு. அந்த ஆளைப் போய்த் துப்பில்லாதவர் என்று சொல்லிவிட்டாளே.

மணி மூன்றே கால். பேனாவை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"உங்க கையெழுத்துதான் லட்சணமா இருக்கும். நீங்களே எழுதுங்க."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. படிவத்தை நீவி வைத்துக்கொண்டார். அவள் மண்டிபோட்டு, நாடாவைத் தரையோடு தரையாக இழுத்துப் பிடித்தாள்.

"நீளம், ஒன்பதடி எட்டு இஞ்சு." இன்னொரு தடவையும் நிறுத்திச் சொன்னாள். "ஒன்பதடி எட்டு."

"ம்."

பேனா ஓடியது. அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டே எழுந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நீளம் என்ற இடத்துக்கு நேரே, முத்து முத்தான எழுத்தில், பத்து அடி என்று இருந்தது.

அவளுக்குத் திட்டத் தோன்றவில்லை, அழத்தான் தோன்றியது. அவர் தலை நிமிரவில்லை. இந்தத் தடவை தப்பு வராது என்ற நிம்மதி அவர் குரலில் இருந்தது.

"அகலம் சொல்லும்மா."