மிச்சமான முகக்கவசங்கள்

எதிர்வீட்டுத் தையல்காரியின் புருஷனுக்கு எங்கள் தெருவில் நிதியமைச்சர் என்று பெயர். செய்தி பார்த்துவிட்டு வந்து, நாட்டுக் கடனில் தலைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வார். சொந்த வீட்டு மின்கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

பெருந்தொற்றுக் காலத்தில் அந்த வீட்டில் காசு புரண்டது. அரசாங்கம் கடன் வாங்கி முகக்கவசம் வாங்கியது. இவள் மூச்சுவிடாமல் தைத்துக் கொடுத்தாள். நோய் போயிற்று, ஆர்டரும் போயிற்று. பிறகு கடன் கொடுத்தவர்கள் சொன்னபடி அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. கப்பலில் வந்த சட்டை இவளுடைய தையல்கூலியைவிட மலிவு. கடை வாடகை மூன்று மாதம் நின்றுபோயிற்று. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இடம் செல்போன் வியாபாரிக்கு என்று கட்டடச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்கு ஜன்னல் இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் அமைச்சர் ஒரு சேதி கொண்டுவந்தார். செலவைக் குறைக்க, அரசாங்கக் கிடங்கில் மிச்சமான முகக்கவசங்களை ஏலம் விடுகிறார்களாம். மூட்டையைப் பிரித்துப் பார்க்கக் கூடாதாம்.

“அதை வாங்கி என்னங்க பண்றது? அடுத்த நோய் வர்ற வரைக்கும் அடைகாக்கவா?” என்றாள் அவள்.

“நான் சேதிதான் சொன்னேன்.”

மறுநாள் காலையில் தோட்டை அடகு வைத்துவிட்டு ஏலத்துக்குக் கிளம்பினாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். துணைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

கூரை முட்ட மூட்டைகள். வியாபாரிகள் பெரிது பெரிதாகப் பார்த்துக் கையைத் தூக்க, இவள் மூட்டைகளின் வாய்க்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஊரடங்கில் சணல் கிடைக்காமல், வீட்டு ஜன்னலில் தொங்கிய மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலையைக் கிழித்துத்தான் கட்டி அனுப்பியிருந்தாளாம். பதினொரு மூட்டைகளில் அந்தப் பூ தெரிந்தது.

“ஏம்மா, சின்னதா பாத்துப் பொறுக்குறியே?” என்றார் ஏலம் விட்ட குமாஸ்தா.

“பெருசைத் தூக்க எங்க வீட்ல ஆளில்ல சார். இருக்கிற ஆளு டிவி பாக்கணும்.”

போட்டிக்கு யாரும் வரவில்லை; அடிமாட்டு விலைக்கு முடிந்தது. மற்றவர்கள் வாசலிலேயே மூட்டையை அவிழ்த்துப் பார்த்துத் தலையில் கைவைத்தார்கள். தொட்டால் பிய்கிற காகிதச் சரக்கு. இவளுடையதோ இரட்டை மடிப்புப் பருத்தி. மட்டமாகத் தைக்க அவளுக்குக் கைவராது. தைத்த காலத்தில், இதற்குப் போய் இவ்வளவு துணியா என்று அமைச்சர் திட்டியதும் என் காதில் விழுந்ததுதான்.

ஒரு வாரம் முழுக்க அமைச்சர் தையல் பிரித்தார். நாட்டுக் கடன் என்று வாயெடுத்தால், “எலாஸ்டிக்கைத் தனியா போடுங்க” என்று குரல் வரும். பிரித்த துண்டுகளை அலசி, ஒட்டுப்போட்டுப் பச்சைக்குழந்தைகளுக்குப் போர்வை தைத்தாள். தொட்டால் பூ மாதிரி. கப்பலில் வந்த போர்வையில் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும். அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரி முதலில் இருபது கேட்டது, பிறகு இருநூறு.

“காசு கொடுத்து வாங்கின துணியையே திரும்ப வாங்குறாங்க! இப்படி இருந்தா கடன் எப்படிக்கா அடையும்?” என்று அமைச்சர் என்னிடம் வருத்தப்பட்டார்.

“புண்ணியமா போகும், இதை ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லிராதீங்க” என்றாள் அவள்.

மாதக் கடைசியில் கட்டடக்காரர் கையில் மொத்த வாடகையையும் வைத்தாள். விஷயம் தெரியாமல் கடையை அளவெடுக்க டேப்போடு வந்த செல்போன் வியாபாரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாளாம். இரண்டு போர்வை வாங்கிக்கொண்டு போனார்.