சூடு ஏறிய பிறகு

மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. சலவை ஆலையில் துணி தேய்க்கிறவளுக்கு வயது நாற்பத்திரண்டு. பிள்ளை தங்கிவிட்டது என்றே நம்பினாள். அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, மூட்டை தூக்கும் புருஷனையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தாள்.

நர்ஸ் சோதனைத் தாளைப் புரட்டினாள். "குழந்தை இல்லக்கா. ரத்தத்துலயும் பாத்தாச்சு. விலக்கு நிக்கப் போகுது. முட்டை அநேகமா தீந்துடுச்சு."

"அதெப்படி? தெனம் காலைல எந்திரிக்கும் முன்னாடியே தெர்மாமீட்டர் வெச்சுப் பாப்பேனே. சூடு ஏறின அன்னிக்குத்தான் இவரு கிட்ட வருவாரு. ஆலையில எல்லாரும் கிண்டல் பண்ணுவாளுங்க, 'எங்களுக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரை, இவளுக்குக் காய்ச்சல் வந்தா மாப்பிள்ளை'ன்னு."

நர்ஸ் சிரிக்கவில்லை.

"முட்டை வெளிய வந்த பிறகுதான்க்கா சூடு ஏறும். வந்த முட்டை ஒரு நாளைக்கு மேல தாங்காது. அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள்லதான் சேரணும். அப்ப முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு படுமே, பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். மாதாமாதம் பார்த்திருக்கிறாள். அதைச் சீக்கு என்று நினைத்தாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். அந்த நாட்களில் புருஷனைக் கிட்டே அண்டவிடவில்லை. அவனும் கோடவுனில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான். சூடு ஏறியது என்று சொல்லியனுப்பினால் ஓடி வருவான், கடை அடைத்த பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனைப் போல.

"சரியா சேந்திருந்தா பிள்ளை தங்கியிருக்குமா சிஸ்டர்?" என்று அவன் கேட்டான்.

"அதை யாராலயும் சொல்ல முடியாதுண்ணா."

வெளியே வந்ததும் அவன் படிக்கட்டிலேயே குந்திவிட்டான்.

"எங்கம்மா நல்ல சேதி வரும்னு உக்காந்திருக்கு. என்னன்னு போய்ச் சொல்றது?"

"எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லு."

"நடந்ததைச் சொல்லிடறேன். இத்தனை வருஷமா உன்னையத்தானே பேசுது."

"வேணாம்யா. சொன்னா வாசல்ல நின்னு ஊரைக் கூட்டிச் சிரிக்கும். மலடின்னு திட்டினா எனக்குப் பழகிப்போச்சு. இது பழகாது."

அவன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"எந்திரி. மூட்டை வண்டி வந்திருக்கும்."

எழுந்தான். அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். ஆலையில் மதிய வேலைக்கு ஈரத்துணி வந்து குவிந்திருக்கும்.