பொட்டலத்துப் பூ

மாரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் அன்று ஐந்து பேர். சன்னிதியைப் பார்த்தபடி அப்பா நாச்சிமுத்து. அவருக்கு வலப்புறம் தூணில் சாய்ந்து தாய்மாமன் மாரியப்பன். படியோரம் அம்மா பெரியநாயகி. அவளுக்குப் பின்னால், எழுதி முடித்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கந்தவேல். பூசாரி சடையன் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

கோயமுத்தூர் காட்டிலாகாக் கல்லூரியில் ரேஞ்சர் படிப்புக்குக் கந்தவேலுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாவின் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் இன்றைய தபாலில் சேந்தமங்கலத்தை விட்டுக் கிளம்பினால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும். மாமனுக்கோ காட்டிலாகா என்றாலே ஆகாது. போன வருஷம் கொல்லிமலை அடிவாரத்தில் மேய்ந்த அவருடைய பதினோரு ஆடுகளையும் காவலர் ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்துவிட்டார். அந்த வேலைக்கா நம் பையன் என்று ஒரு வாரமாகப் பேசி, அப்பாவின் மனத்தைக் கலைத்து வைத்திருந்தார். கடைசியில் அம்மனிடம் பூக்கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. மஞ்சள் வந்தால் படிப்பு; சிவப்பு வந்தால் இல்லை.

மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்றாக அம்மா கட்டிவைத்திருந்த இரண்டு இலைப் பொட்டலங்களில் ஒன்றைச் சடையன் எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா பேனாவை மூடினார். கந்தவேல் எட்டிப் பார்த்தான்; பூ வாடிக் கிடந்ததால், மற்றதையும் பிரிக்கச் சொன்னான். அதிலும் சிவப்பு.

"நேத்து வெடியால மஞ்சளாத்தானுங்க பறிச்சுக் கட்டுனேன்" என்றாள் அம்மா. "ஆத்தாளே மாத்திப்போட்டாளுங்க."

"ஆத்தா மாத்தல, அம்மா" என்றான் கந்தவேல். " ரெண்டாவது அரளி. மொதல்ல வந்தது பூவரசு. மஞ்சளாப் பூத்து, வாடுனா செவந்துரும்."

நேற்றே வருவதாகச் சொன்ன சடையன் சந்தைக்குப் போய்விட்டதால், பொட்டலம் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

மாமன் எழுந்து குளக்கரைப் பூவரசுக்குப் போனார். கிளையில் ஒன்று, கீழே கிடந்தது ஒன்று என இரண்டு பூக்களைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தார். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. பிறகு கந்தவேலைப் பார்த்தார்.

"என்ற ஆடு காட்டுக்குள்ள வந்தா நீயும் புடிச்சு அடைப்பியா, மாப்ள?"

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"அடைப்பேனுங்க மாமா. தண்ணி காட்டிட்டு அடைப்பேன்."

முதலில் சிரித்தது மாமன்தான். அப்பா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். சடையன் கொடுத்த பொங்கல் பருக்கையைத் தேய்த்துக் கந்தவேல் உறையை ஒட்டினான். தபால் பை கட்டும் நேரமாகிவிட்டது என்று மாமன் சைக்கிளை எடுத்தார். அவன் உறையை மார்போடு பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினான். வழியெல்லாம் ஆட்டுக்கு எந்தத் தழை ஆகும் என்று மாமன் பாடம் நடத்தினார். தபாலாபீசில் பையைக் கட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, கந்தவேல் கடிதத்தை உள்ளே போட்டான்.